தவறான அறிக்கைகளில் என் கையெழுத்தும் இருக்கிறது, நான் என்ன செய்வது?

கேள்வி: மருந்து தயாரிக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடந்த ஓராண்டாக, சோதனையில் தேறாத மாதிரிகளைத் திரும்பத் திரும்பச் சோதித்து, தேறிய முடிவை மட்டும் பதிவில் வைக்கச் சொல்கிறார்கள். முதலில் வந்த முடிவுகளை அழித்துவிடுகிறார்கள். சில பேட்சுகளுக்குச் சோதனையே செய்யாமல் வேறு பேட்சின் எண்களை எழுதியதையும் பார்த்தேன். மேலாளரிடம் சொன்னேன். "மேலிடத்து முடிவு, உன் வேலையைப் பார்" என்றார். அந்த அறிக்கைகள் சிலவற்றில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஆவணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். பத்திரிகைக்குக் கொடுத்துவிடு என்கிறாள் தோழி. இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன், பேசாமல் இரு என்கிறார் கணவர். ராஜினாமா செய்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. அடுத்த மாதம் அரசு ஆய்வாளர்கள் வருகிறார்கள். தூக்கமே இல்லை. பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.

பதில் (தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்):

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றே நிறுத்த வேண்டியது ஒன்று இருக்கிறது. அலுவலகக் கணினியிலிருந்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு இனி ஓர் ஆவணம்கூடப் போகக் கூடாது. ஏற்கெனவே அனுப்பியவற்றை அழிக்கவும் கூடாது. அனுப்பியது நிறுவனத்தின் சர்வரில் பதிவாகியிருக்கும். இப்போது அழித்தால், சாட்சியத்தை மறைத்தவர் என்ற பழியும் உங்கள் மேல் விழும். அவை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். தோழிக்கோ வேறு யாருக்கோ அனுப்பாதீர்கள். வழக்கறிஞரை முதன்முறை சந்திக்கும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. முறைகேட்டை வெளியே சொன்னவரை எந்த நிறுவனமும் "நீ உண்மையைச் சொன்னாய்" என்று எழுதி வேலையை விட்டு நீக்குவதில்லை. ரகசியத் தகவலை வெளியே கொண்டு போனார், விதிகளை மீறினார், வேலையில் கவனமில்லை என்றுதான் கடிதம் வரும். அந்தக் காரணத்தைத் தேடும் வேலையை நாமே அவர்களுக்குச் சுலபமாக்கிவிடக் கூடாது.

நீங்கள் பார்த்தது எவ்வளவு பெரியது என்பதில் உங்களுக்கே சந்தேகம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. சந்தேகமே வேண்டாம். தேறாத முடிவு வந்தால் ஏன் வந்தது என்று விசாரித்து எழுதி வைக்காமல், தேறும்வரை மறுசோதனை செய்துகொண்டே போவது ஏற்கத்தக்கதல்ல என்று 1993இலேயே அமெரிக்க நீதிமன்றம் ஒன்று பார் லேபரட்டரீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் இன்று உலகம் முழுவதும் பின்பற்றும் நடைமுறைக்கு அந்தத் தீர்ப்பு ஓர் அடிப்படை. வேறு பேட்சின் எண்களை எழுதுவது அதைவிட மோசம். அது அப்பட்டமான போலி ஆவணம். அந்த மாத்திரையை விழுங்கப் போகிறவருக்கு அதில் மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழியே கிடையாது. உங்கள் மேசையைத் தாண்டிவிட்டால் அதைக் கேட்க ஆளில்லை. தூக்கம் வராதது உங்கள் பலவீனம் என்று எண்ணாதீர்கள்.

இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. நிரூபிக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுவது மட்டும்தான் உங்களால் முடிந்தது. அது போதும். ஆவணங்களை அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற பதற்றம் உங்களைப் போன்றவர்களை முதலில் சிக்க வைக்கிறது. ஆய்வகத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்த உங்களுக்குத் தெரியும், சோதனைக் கருவியின் மென்பொருள் யார், எப்போது, எந்த மாதிரியைச் செலுத்தினார், எதை நீக்கினார் என்று ஒரு தடம் வைத்திருக்கும். அந்தத் தடத்தை ஆய்வாளர் கேட்டால் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். தடப்பதிவையே அணைத்து வைத்திருந்தால் அதுவே ஒரு குற்றச்சாட்டு. எந்தக் கருவி, எந்த நாள், எந்த பேட்ச், எந்தக் கோப்புறை என்று துல்லியமாகச் சொல்லும் இரண்டு பக்கக் கடிதம், ஒழுங்கில்லாமல் திரட்டிய ஆயிரம் பக்கங்களைவிட ஆய்வாளருக்கு உதவும்.

அமெரிக்காவின் தெரானோஸ் இரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் நடந்தது இதுதான். எரிகா சுங் கல்லூரி முடித்து வந்து அங்கே ஆய்வகத்தில் சில மாதங்களே வேலை பார்த்தவர். தரச் சோதனையில் கருவி தவறும்போது, பொருந்தாத எண்களை நீக்கிவிட்டுத் தேறியதாகக் காட்டுகிறார்கள் என்பதைக் கண்டார். உள்ளே சொன்னார், பயனில்லை. 2014இல் விலகினார். 2015 செப்டம்பரில் ஆய்வகங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். அதே மாதம் ஆய்வாளர்கள் போனார்கள். அங்குள்ள குறைகள் நோயாளிகளின் உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிக்கக்கூடியவை என்று 2016 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த நிறுவனத்தில் இயக்குநர்களாக இருந்தவர்களில் முன்னாள் அமைச்சர்களும் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாதது, தினமும் கருவியோடு உட்கார்ந்திருந்த ஓர் இளம் பெண்ணின் கண்ணில் பட்டது.

ஆகவே இப்போதிலிருந்து வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்று பார்த்ததைத் தேதி போட்டுக் கையால் எழுதுங்கள். நீங்கள் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்தே எழுதுங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் ஒரு மின்னஞ்சலைத் தவிர, அலுவலகக் கணினியிலோ அலுவலகம் கொடுத்த கைபேசியிலோ இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம், தேடவும் வேண்டாம். மேலாளரின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்யும் எண்ணமிருந்தால் பொறுங்கள். சில இடங்களில் அது சட்டப்படி செல்லும், சில இடங்களில் பதிவு செய்தவர்மீதே வழக்கு வரும். நோயாளிகளின் விவரங்களையும் நிறுவனம் தன் வழக்கறிஞர்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்தையும் தொடாதீர்கள்.

பெயர் வெளியே வராமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். இதில் உங்களிடம் ஒளிக்காமல் பேச வேண்டியிருக்கிறது.

ஸ்டான்லி ஆடம்ஸ் என்பவர் ஹாஃப்மன் லா ரோஷ் மருந்து நிறுவனத்தின் அதிகாரியாகச் சுவிட்சர்லாந்தில் இருந்தார். வைட்டமின் விற்பனையில் நிறுவனம் போட்டியை முடக்குகிறது என்று 1973இல் ஐரோப்பிய ஆணையத்துக்கு எழுதினார். தன் பெயரை வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார். விசாரணையின்போது ஆணையம் சில ஆவணங்களின் நகல்களை நிறுவனத்திடமே கொடுத்தது. அந்தக் காகிதங்கள் யார் கையிலிருந்து போயிருக்க முடியும் என்று நிறுவனம் கண்டுபிடித்துவிட்டது. 1974இன் கடைசி நாளில் சுவிஸ் எல்லையில் அவரைக் கைது செய்தார்கள். சிறையில் இருந்த நாட்களில் மனைவியை இழந்தார். பொருளாதார உளவு என்று தண்டனையும் பெற்றார். ஆணையம் அவரைக் காக்கத் தவறியது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1985இல் சொன்னது. ஆனால் அந்த ஆவணங்களை வைத்துத் தன்னை அடையாளம் காண முடியும் என்று அவர் எச்சரிக்கவில்லை, ஆபத்து தெரிந்தும் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பினார் என்று பாதிப் பொறுப்பை அவர்மீதே வைத்தது. அந்தப் பாதி இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. ஆனால் அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. ஒருவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவர் கொடுத்த காகிதமும், அவருக்கு மட்டுமே தெரிந்த விவரமும்தான். எந்த அமைப்பிடம் எதைக் கொடுத்தாலும், "இதை நிறுவனத்திடம் காட்டினால் நான்தான் என்று தெரிந்துவிடும்" என்று அந்தந்தத் தாளைக் குறிப்பிட்டு எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே மேலாளரிடம் பேசிவிட்டீர்கள். நாளை எந்தப் புகார் போனாலும், யார் அனுப்பியிருந்தாலும், அவர்கள் முதலில் நினைக்கப் போவது உங்களைத்தான். பெயரில்லாத புகார் உங்களுக்கு நீங்கள் நம்பும் அளவுக்குப் பாதுகாப்பு தராது. பழிவாங்கலுக்கு எதிரான சட்டங்கள் பலவற்றில், நீங்கள் புகார் செய்தது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால், "அவர் எதுவுமே சொல்லவில்லையே" என்று மேலாளர் கை விரித்துவிடுவார். எனவே என் ஆலோசனை இரண்டு பகுதிகளாக இருக்கிறது. வெளியே உள்ள அரசு அமைப்பிடம் பெயரைச் சொல்லியே புகார் கொடுங்கள், பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லுங்கள். பெயரே இல்லாத புகாருக்கும் ரகசியம் காக்கப்படும் புகாருக்கும் வேறுபாடு பெரிது. பின்னதில் ஆய்வாளர் உங்களிடம் திரும்பி வந்து சந்தேகம் கேட்க முடியும். உள்ளே, மேலாளரிடம் வாயால் சொன்னதை ஒரு சிறு மின்னஞ்சலாக்குங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "சென்ற முறை உங்களிடம் நேரில் சொன்னதைத் தொடர்ந்து எழுதுகிறேன். இந்த பேட்சின் முதல் சோதனை முடிவு வரம்புக்கு வெளியே வந்தது. அதற்கான விசாரணை அறிக்கை இல்லாமல் மறுசோதனை முடிவில் நான் கையெழுத்திட இயலவில்லை. வழிகாட்டவும்." இவ்வளவு போதும். வழக்கறிஞர் ஒருமுறை பார்த்த பிறகு அனுப்புங்கள்.

உள்ளேயே மேலும் மேலே போகலாமா? போகலாம், சரியான கதவு இருந்தால். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமில் உள்தணிக்கைத் தலைவியாக இருந்த சிந்தியா கூப்பர் 2002இல் கணக்கு மோசடியைக் கண்டுபிடித்தபோது, அதைச் செய்த நிதித் தலைவரைத் தாண்டி இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவிடம் கொண்டு போனார். 380 கோடி டாலர் மோசடி சில வாரங்களில் வெளியே வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கணக்கு மோசடியில் சிக்கிய என்ரான் எரிசக்தி நிறுவனத்தில் அதிகாரியாக இருந்த ஷெரன் வாட்கின்ஸ் தலைவருக்கே நேராக எழுதினார். சில நாட்களுக்குள், அவரை வேலையிலிருந்து நீக்கினால் என்ன சட்டச் சிக்கல் வரும் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கருத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மனிதவளத் துறையும் நிறுவனச் சட்டப் பிரிவும் நல்ல மனிதர்களாலேயே நிரம்பியிருந்தாலும் அவர்களின் கட்சிக்காரர் நிறுவனம்தான். அவர்களிடம் சொல்வதை ஒரு நண்பரிடம் சொல்வதாக எண்ண வேண்டாம். மேலிடத்து முடிவு என்று மேலாளரே சொல்லிவிட்ட நிலையில், பதிவுகளை அழிக்கும் பழக்கமும் இருக்கும் இடத்தில், நான் உங்கள் இடத்தில் இருந்தால் உள்ளே இதற்கு மேல் முன்னறிவிப்புக் கொடுக்க மாட்டேன்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அது நல்லதுதான். ஆனால் யாரிடம் முதலில் சொல்வது என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறும். முறைகேட்டை வெளியே சொல்வோரைக் காக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 நெறிமுறைப்படி உள்ளே சொல்லாமல் நேராக அரசு அமைப்பிடம் போனாலும் பாதுகாப்பு உண்டு. உங்களைத் தண்டித்தது புகாருக்காக அல்ல என்று காட்ட வேண்டியதும் நிறுவனம்தான். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டப் பாதுகாப்பு, பங்குச் சந்தை ஆணையத்திடம் சொன்னவருக்கே உண்டு, நிறுவனத்துக்குள் மட்டும் சொன்னவருக்குக் கிடையாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டம் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் புகார் வழிமுறை வைத்திருக்க வேண்டும் என்கிறது. முறைகேட்டை வெளியே சொல்வோருக்காக 2014இல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டமோ அரசு ஊழியர்களைப் பற்றிய புகார்களுக்கானது. காலக்கெடுகளும் கொடுமையானவை. பிரிட்டனில் நீக்கப்பட்டவர், வழக்கு முடியும்வரை வேலையோ சம்பளமோ தொடர வேண்டும் என்ற இடைக்கால நிவாரணம் கேட்க ஏழு நாட்களே உண்டு. அமெரிக்காவில் பங்குச் சந்தை நிறுவனங்களுக்கான சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி பழிவாங்கல் புகாருக்கு 180 நாட்கள். கடிதம் கையில் வந்த பிறகு வழக்கறிஞரைத் தேடத் தொடங்கினால் நாள் போய்விடும். இந்த வாரமே, நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, வேலை நீக்க வழக்குகளில் பழகிய ஒருவரைப் பாருங்கள்.

இப்போது உங்கள் கையெழுத்து. உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன், கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டாலும். மறைக்காதீர்கள். எந்த அறிக்கைகளில், என்ன சூழ்நிலையில், யார் சொல்லி இட்டீர்கள் என்று வழக்கறிஞரிடம் முழுவதும் சொல்லுங்கள். அதைச் சொல்வதால் வரும் ஆபத்தைவிட, மற்றவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு உங்கள் பங்கை விட்டுவிடுவதால் வரும் ஆபத்து பெரிது. யுபிஎஸ் வங்கி அமெரிக்கப் பணக்காரர்களின் வரி ஏய்ப்புக்கு உதவியதை அந்நாட்டு அரசிடம் சொன்னவர் பிராட்லி பிர்கன்ஃபெல்ட். ஆனால் தன் சொந்த வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றி முதலில் சொல்லாமல் விட்டார் என்று அரசுத் தரப்பு சொல்லியது. 40 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே அரசின் வரித்துறை 2012இல் அவருக்கு 10.4 கோடி டாலர் வெகுமதியும் கொடுத்தது. முழுவதும் சொல்லியிருந்தால் சிறைக்குப் போயிருக்க மாட்டாரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு எதிராக அரசுத் தரப்பு கையில் எடுத்த வாதம் அதுதான். நீங்கள் ஒரு பெரிய அதிகாரத்தின் கீழ் கையெழுத்திட்ட ஊழியர். மனம் மாறி முதலில் வந்து சொன்னவர் என்பது உங்களுக்குப் பெரிய பலம். இன்று முதல், உண்மை இல்லை என்று தெரிந்த ஒரு தாளிலும் கையெழுத்திட வேண்டாம். ஓராண்டாக இட்டதை விளக்க முடியும். இந்தக் கடிதத்தை எழுதிய பிறகும் இட்டதை விளக்குவது கடினம்.

பத்திரிகை பற்றி உங்கள் தோழி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தெரானோஸை அசைத்ததில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்திக்கும் பங்கு உண்டு. ஆனால் பல நாட்டுச் சட்டங்களில் பத்திரிகையிடம் நேராகப் போனவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. ஐரோப்பாவில்கூட, புகார் செய்தும் மூன்று மாதங்களில் நடவடிக்கை இல்லை, அல்லது பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன. அந்த வழி திறந்தே இருக்கட்டும். முதல் வழியாக வேண்டாம்.

உங்கள் கணவரைக் கோழை என்று நினைக்காதீர்கள். அவர் கேட்பது நியாயமான கேள்வி. சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாக்குப் பிடிக்க முடியும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், புகார் கொடுப்பதற்கு முன்பே. இது நீண்ட காலம் எடுக்கும் காரியம். இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்சியில் மருந்துத் தரவுகள் போலி என்பதைக் கண்ட தினேஷ் தாக்கூர் 2005இல் வேலையை விட்டுவிட்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுதினார். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது 2013இல். அவருக்கு அதில் 4.8 கோடி டாலர் கிடைத்தது உண்மை. ஆனால் அத்தகைய வெகுமதி சில நாடுகளில், சில வகை வழக்குகளில் மட்டுமே உண்டு. அதைக் குடும்பக் கணக்கில் சேர்க்காதீர்கள். தெரானோஸைப் பற்றிச் சொன்ன மற்றோர் இளைஞர் டைலர் ஷுல்ட்ஸின் பெற்றோர் வழக்கறிஞர் கட்டணமாகவே நான்கு லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டார்கள். உங்கள் கணவருக்கும் வழக்கறிஞரைச் சந்திக்கும் நேரத்தில் ஓர் இருக்கை இருக்கட்டும். எதிர்ப்பவராக இருந்தவர் எல்லாவற்றையும் அறிந்த துணையாக மாறுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். நிறுவனத்துக்கு வெளியே உள்ள மருத்துவர் ஒருவரிடம் தூக்கமின்மையைப் பற்றியும் பேசுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ராஜினாமா செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வழக்கறிஞரைப் பார்க்கும் முன் செய்யாதீர்கள். தானாக விலகியவர் பழிவாங்கப்பட்டதாகச் சொல்வது கடினமாகலாம். விலகும்போது நீட்டும் எந்தத் தாளிலும், "பழைய விஷயங்களைப் பேச மாட்டேன்" என்பது போன்ற வரி இருந்தால், அன்றே கையெழுத்திட வேண்டாம். அரசு அமைப்பிடம் புகார் சொல்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் பல இடங்களில் செல்லாது. ஆனாலும் பயமுறுத்தப் பயன்படும்.

கடைசியாக, அடுத்த மாத ஆய்வு. அதற்கு முன்பே உங்கள் வழக்கறிஞர் மூலம் புகார் போய்ச் சேர்ந்தால், ஆய்வாளர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவார்கள். அப்படி நடக்காமல், அவர்கள் உங்கள் மேசைக்கு வந்து ஏதாவது கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஆய்வாளரிடம் தெரிந்தே பொய் சொல்வது பல நாடுகளில் தனிக் குற்றம், அந்தக் குற்றம் மேலாளருடையதாக இருக்காது, உங்களுடையதாக இருக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். மேலாளர் பக்கத்தில் நின்றால், "இதைப் பற்றித் தனியாகப் பேச விரும்புகிறேன்" என்று ஆய்வாளரிடம் சொல்லலாம். இப்படிக் கேட்பவர்களைச் சந்திப்பது அவர்களுக்குப் புதிதல்ல. ஆய்வாளரின் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டு, அன்று மாலையே உங்கள் வழக்கறிஞரிடம் தெரிவித்துவிடுங்கள்.